கட்டடக் கல்வியும் கொங்குநாடும்

கோயமுத்தூரில் அவினாசி ரஸ்தா வழியாகக் கிழக்கே போகும் பஸ்களில், 'ஹோப் காலேஜ்' என்று கண்டக்டர் கூவும் குரலைத் தினந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கேட்கிறார்கள். அந்நிறுத்தத்தில் இறங்கி அப்பெயருள்ள கலாசாலையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். 1945-ஆம் வருஷத்தில் ஸர் ஆர்தர் ஹோப் என்னும் சென்னைக் கவர்னரின் பெயரால் ஏற்பட்ட அத்தொழில்நுட்பக் கலாசாலை, 1950-ல் நகரின் மேற்கே தடாகம் ரஸ்தாவுக்குப் பெயர்ந்து போய், இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1942-ல் சூலூர் விமானத்தளம் தீக்கிரையாகி, கோவை ஜில்லாவில் தேசபக்தர்கள் அடக்குமுறைக்கு ஆளான காலத்தில் கவர்னர் பதவி வகித்தவர் இந்த ஹோப் துரை. அவருடைய பெயர் கலாசாலையை விட்டு நீங்கியும் பஸ் நிறுத்தத்தை விட்டு நீங்காதது விந்தையே. ஆனால் நாம் இங்கே ஆராய விரும்புவது துரையின் பெயரை அன்று. அக்கலாசாலையின் ஆரம்பத்திலேயே எழுந்து, இன்றுவரை தீராமலிருக்கும் ஒரு வழக்கையாகும்.

அக்கலாசாலை தோன்றுவதற்குப் பெரும் பொருளுதவி செய்தவரும், அதன் முதல் பிரின்ஸிபாலாக அமர்ந்தவரும் காலஞ்சென்ற ஸ்ரீ ஜி. டி. நாயுடு ஆவார். சூலூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்து, திண்ணைக் கல்விக்கு மேல் அதிகம் பெறாமல், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொடங்கி, பின்னர் யந்திரத் தொழிலில் உலகம் வியக்க உயர்ந்த அப்பெரியார், பிரின்ஸிபால் ஆனவுடன் ஒரு கேள்வியை எழுப்பினார். எஞ்ஜினீயர் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு? இரண்டே வருஷம் போதும். நான்கு வருஷம் கொடுத்தால் இரண்டு வகைப் படிப்புகளைச் சொல்லித் தருகிறேன் என்றார். சர்க்கார் இணங்கவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

இந்த வரலாற்றைக் கொங்குநாட்டார் பெருமையுடன் சொல்லிக்கொள்வது வழக்கம். சர்க்காரின் பிடிவாதத்துக்கு முன் ஒரு தமிழர் தலை வணங்கவில்லை என்பதில் நமக்கும் பெருமையே. எனினும் அவர் கேட்ட கேள்விக்கு விடை என்ன என்று கேட்பார் அருகிவிட்டனர். நமது அபிப்பிராயம் யாதெனில், யந்திரத் தொழிலைப் பொறுத்தவரை நாயுடுவின் கட்சி பெரும்பாலும் நியாயமானது; கட்டட நிர்மாணத்தைப் பொறுத்தவரை அதிலே பாதிதான் நியாயம். காரணம் எளியது. மோட்டாரில் ஒரு திருகாணி தவறினால் மறுநாட்காலை அது ஓடாது. பிழையைச் செய்தவன் கண்ணெதிரிலேயே பிழை வெளிப்பட்டுவிடும். கட்டடம் அப்படியன்று. இன்று எழுப்பிய சுவரின் குற்றம் பத்து வருஷங்களுக்குப் பிறகு, ஒரு கார்த்திகை மழையில், உறங்கிக்கொண்டிருப்பவர் தலைமேல் வெளிப்படும். அப்போது அதைக் கட்டியவன் எங்கே, கையொப்பமிட்டவன் எங்கே?

இது வெறுங் கற்பனையன்று. 2017-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ஆம் தேதி கோவை ஜில்லா சோமனூர் பஸ் நிலையத்தின் மேற்கூரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள்மேல் இடிந்து வீழ்ந்து ஐவர் மாண்டனர். 2019-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, அதன் அடியிலிருந்த ஏழை ஆதிதிராவிடக் குடும்பங்களின் வீடுகளை மூடியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அவ்விடத்தார் பலர் கூறினர். சமூகக் கொடுமையைப் பற்றி இப்பத்திரிகை வேறு சமயங்களில் எழுதாமலில்லை. இங்கே நாம் சொல்ல வருவது, அக்கொடுமைக்கு மேலே கட்டட அறியாமையும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை. உயர்ந்த சுவர் ஒன்றின் பின்னே மண்ணோ நீரோ சேர்வதாயின், அந்நீர் வடிவதற்குத் துளைகள் விடவேண்டும், அடி அகலவேண்டும், இடையிடையே முட்டுத் தூண்கள் நிற்கவேண்டும். ஈரமண் உலர்ந்த மண்ணைக்காட்டிலும் மிகுந்த வலுவுடன் சுவரைத் தள்ளும். இதை எஞ்ஜினீயரிங் கலாசாலையின் மாணாக்கன் பரீக்ஷைத் தாளில் கணக்கிட்டு நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறான். ஆனால் நம் ஊர்களில் சுவர் எழும்பும் இடத்திலே அவன் இருப்பதில்லை. அங்கிருக்கும் மேஸ்திரிக்கோ இதை ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அறிவு ஓரிடத்திலும் கை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பதே கொங்குநாட்டுக் கட்டடக் கல்வியின் நோய். இந்நோயின் வேர் நமது நாட்டில் தொழிற்கல்வி வந்த வழியிலேயே இருக்கிறது. 1794-ல் கும்பெனியார் சென்னையில் எட்டுப் பையன்களைக் கொண்டு சர்வே பள்ளிக்கூடம் தொடங்கியது நமது நிலத்தை அளந்து வரி விதிப்பதற்கு. நமது கொத்தனார்களை உயர்த்துவதற்கு அன்று. அதுவே வளர்ந்து பின்னர் கிண்டி எஞ்ஜினீயரிங் கலாசாலையாயிற்று. மராமத்து இலாகாவின் உயர்ந்த உத்தியோகங்களுக்கு இந்தியர் போதாதென்று, இங்கிலாந்திலே கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் 1871 முதல் 1906 வரை வெள்ளையருக்கென ஒரு கலாசாலையே நடந்தது. நமது பிள்ளைகளுக்கு வாய்த்தவை பெரும்பாலும் ஓவர்ஸியர் வேலையும் சப்-ஓவர்ஸியர் வேலையுமே. அளவைப் புஸ்தகத்தில் எழுதுவது அவர்கள் தொழில். கரணையைத் தொடுவது கௌரவக் குறைவு. வங்காளத்துத் தேசீயவாதிகள் 1906-ல் சுதேசித் தொழிற்கல்விக் கழகம் ஒன்றை ஏற்படுத்தினர். அது பின்னாளில் ஜாதவ்பூர் சர்வகலாசாலையாக மலர்ந்தது. துரைமார் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், சட்டை கசங்காத எஞ்ஜினீயர் என்னும் அந்த ஆசை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்நாட்டில் கலாசாலைகளுக்கு முன்பே கட்டட ஞானம் இருந்தது என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டாம்; காலிங்கராயன் கால்வாயே போதும். 13-ஆம் நூற்றாண்டில், பவானியாறு காவிரியிற் கலக்கும் இடத்துக்கு அருகே அணை எழுப்பி, சுமார் 90 கிலோமீட்டர் தூரம் நீரைக் கொண்டுசென்று, இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்ச்சும் அக்கால்வாய் வளைந்து வளைந்து செல்வதைக் கண்டவர்கள், ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து வழிகாட்டியது என்று கதை சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. நிலத்தின் மட்டம் மாறாமல், நீர் தேங்காமலும் பாய்ந்து கரையை அரிக்காமலும் செல்லும்படி ஒரு வாய்க்கால் வெட்டினால், அது பாம்புபோல் வளைந்துதான் செல்லவேண்டும் என்பதே அதன் உட்பொருள். அந்த மட்டத்தைப் பார்த்தவர் யார், எக்கருவியால் பார்த்தார் என்பது எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்கப்படாத அறிவு அறிந்தவனோடு மறைந்து, பின்வந்தோர்க்குப் பாம்புக் கதை மட்டும் மிஞ்சியது. மேஸ்திரிக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் இதனினும் அவசரமானது. சுண்ணாம்புக் காரைக் காலத்தில் மேஸ்திரியின் கண்ணும் கையும் போதுமாயிருந்தன. காரை அரைபட்டது போதுமா என்பதை விரலால் தொட்டு அறிந்தான். சுவர் கோணினால் தூக்குக்குண்டு சொல்லிவிட்டது. 1934-ல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை ஏற்பட்டது. நாளடைவில் கொங்குநாடெங்கும் இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் ஓட்டு வீடுகளை விலக்கின. கான்கிரீட்டின் இயல்பு வேறு. அதன் பலமும் பலவீனமும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைந்திருக்கின்றன. ஓர் உதாரணம் கூறுவோம். இரு சுவர்மேல் தாங்கி நிற்கும் தளத்தில் கம்பி அடிப்புறம் இருக்கவேண்டும். ஒருபுறம் மட்டும் சுவரைப் பற்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் கம்பி மேற்புறம் இருக்கவேண்டும். இழுவிசை எப்பக்கமோ கம்பியும் அப்பக்கம். இக்காரணம் தெரியாத கம்பி வேலைக்காரன் பழக்கத்தினால் இரண்டிலும் அடியிலேயே கம்பியை வைத்துவிட்டால், அல்லது சரியாக வைத்த கம்பியைக் கான்கிரீட் கொட்டும்போது மிதித்து அமிழ்த்திவிட்டால், பூச்சுப் பூசிய பின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முட்டுப் பலகையைப் பிரிக்கும் அன்றோ, சில வருஷம் கழித்தோ சன்ஷேடு முறிந்து விழும். கலவையில் நீரை மிகுதியாக ஊற்றுவதும் அவ்வாறே. தள்ளிக் கொட்ட வேலை சுலபம், பலம் போயிற்று. எங்கும் நடைபெறும் இக்குற்றங்களைத் தடுக்க நான்கு வருஷத்துக் கணித ஞானம் தேவையில்லை. வேலை நடக்கும் இடத்தில் காரணத்தை அறிந்த ஒருவன் நிற்கவேண்டும், அவ்வளவே. நாயுடுவின் கட்சியில் பாதி நியாயமென்று நாம் கூறியது இதைக் கருதித்தான்.

ஆனால் மற்றப் பாதியையும் மறக்கலாகாது. பல மாடிக் கட்டடத்தின் அஸ்திவாரத்தையும் தூண்களையும் கணக்கிடுவது இரண்டு வருஷக் கல்விக்குள் அடங்கும் காரியமன்று. 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மண்ணோடு மண்ணாகி 61 உயிர்களைப் பலிகொண்டதை யார் மறப்பர்?

கோவையில் கலாசாலைகளுக்குக் குறைவில்லை. பூளைமேட்டில் நான்கு சகோதரர்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கி 1926-ல் தொடங்கிய ஸ்தாபனத்திலிருந்து 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. 1956-ல் கோயமுத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. 1984-ல் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி. அதற்கப்பால் தோன்றியவற்றை எண்ணப் புகுந்தால் இப்பக்கம் போதாது. இவ்வளவு இருந்தும், ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு நெருக்கடியும், ஸிவில் வகுப்பில் காலி இடங்களும் காண்கிறோம். பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. தோப்பை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் விவசாயி, வெயிலில் நின்று முதலில் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தையும், குளிர்ந்த அறையில் கிடைக்கும் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பே. (பெண் வீட்டாரும் அப்படியே ஒப்பிடுகிறார்கள் என்று கேள்வி.)

கட்டடக் கலைஞர் படிப்பு இன்னும் அருமை. அது ஐந்து வருஷம். 1972-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்றவரன்றி மற்றவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ளலாகாது. ஸ்தபதிகளின் பரம்பரை வித்தை அழியாதிருக்க 1957-ல் மாமல்லபுரத்தில் ஒரு கலாசாலை ஏற்பட்டதும் நன்றே. கோயிலுக்குச் ஸ்தபதி உண்டு, மாளிகைக்கு ஆர்க்கிடெக்ட் உண்டு. கணபதியிலும் அன்னூரிலும் இரண்டு சென்டு நிலத்தில் வீடு கட்டுகிறவனுக்கு மேஸ்திரியைத் தவிர யார் உண்டு? நமது ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் வசிப்பது அந்த வீடுகளில்தான்.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையிலிருந்தே 1948-ல் டாக்டர் ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்னும் மாத இதழைத் தொடங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியுமென்று நிரூபித்தார். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஸிவில், மெக்கானிகல் வகுப்புகளைத் தமிழிலும் ஏற்படுத்திற்று. ஆயினும் கட்டட வேலைக்காரர் நாவில் வழங்கும் ரஸமட்டம், மூலைமட்டம், சாரம், வானம், கொத்து என்னும் சொற்களைக் கலாசாலைப் புஸ்தகங்கள் அறியா. புஸ்தகத்துச் சொற்களை மேஸ்திரி அறியான். பட்டம் பெற்று வரும் இளைஞன் முதல் நாளே, 'வானம் தோண்டியாயிற்று, வந்து பாருங்கள்' என்று மேஸ்திரி அழைக்கும்போது திகைத்து நிற்கிறான். அஸ்திவாரப் பள்ளத்துக்கு அப்பெயர் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் கொத்துத் தொழில் கற்பவன் மூன்று வருஷம், வாரத்தில் சில நாள் வேலைத்தலத்திலும் மற்ற நாள் தொழிற்பள்ளியிலும் பயின்று, பரீக்ஷை தேறித் தொழிலாளியாகிறான். மேலும் தேர்ச்சி பெற்று 'மாஸ்டர்' ஆகிறவன் ஊரில் மதிப்புக்குரியவன். நமது நாட்டிலும் 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் உண்டு, ஐ.டி.ஐ.களில் கொத்து வேலைக்கு ஒரு வருஷப் பயிற்சியும், கட்டடப் படம் வரைவதற்கு இரண்டு வருஷப் பயிற்சியும் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமா பெற்றவன் எஞ்ஜினீயரிங் கலாசாலையின் இரண்டாம் வருஷத்தில் நேரே சேரவும் வழி உண்டு. படிகள் எல்லாம் இருக்கின்றன. இருபது வருஷம் வேலை செய்த மேஸ்திரி ஏறுவதற்குரிய படி மட்டும் இல்லை. 2019-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட கட்டட விதிகள் பதிவு பெற்ற எஞ்ஜினீயரின் பொறுப்பை வற்புறுத்துகின்றன, நல்ல விதிகளே. ஆனால் கையொப்பம் காகிதத்தில் நிற்கும். சாரத்தின் மேல் நிற்பவன் மேஸ்திரி. நடூர்ச் சுவர் வீழ்ந்ததும் அதே வருஷத்தின் இறுதியில்தான்.

ஆகையால் சர்க்காருக்கும் கலாசாலை நிர்வாகிகளுக்கும் நாம் கூறுவது இது. ஸிவில் மாணாக்கனின் நான்கு வருஷங்களுள் ஒன்றை முழுமையாக ஒரே கட்டடத்தின் வேலைத்தலத்தில் கழிக்கச் செய்யவேண்டும். அஸ்திவாரம் முதல் தளம் வரையும், அதன்மேல் ஒரு மழைக்காலம் பெய்து தீரும் வரையும் அவன் அங்கே இருக்கவேண்டும். இரண்டு வாரம் போய்ச் சான்றிதழ் வாங்கி வரும் இப்போதைய வேடிக்கை ஒழியவேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களிலுள்ள பாலிடெக்னிக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரிகளுக்கும் கம்பி வேலைக்காரர்களுக்கும் கதவைத் திறக்கட்டும். எழுதத் தெரியாதவர்க்கு வாய்மொழியிலும் செய்கையிலும், முழுவதும் தமிழிலேயே பரீக்ஷை நடத்தட்டும். சன்ஷேடுக்குக் கம்பி எங்கே, சுவருக்குத் துளை எங்கே என்று கேட்டாலே போதும். பிழைப்புக்காக பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து இங்கே சாரம் ஏறும் சகோதரர்களுக்கு ஹிந்தியிலும் ஒரியாவிலும் கேட்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. விழும் சுவருக்குப் பாஷை தெரியாது. செலவுக்கு வழியில்லை என்பாரேல், கட்டுமானச் செலவின்மேல் தொழிலாளர் நலனுக்கென வசூலாகும் தீர்வையிலிருந்தே எடுக்கலாம்.

அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கும் தடாகம் ரஸ்தாவிலேயே மேற்கே சில மைல் சென்றால், கோவையின் வீடுகளுக்கெல்லாம் செங்கல் தந்த பள்ளத்தாக்கு வரும். மலையடிவாரத்துச் செம்மண்ணை அளவின்றித் தோண்டியதால் வழக்காகி, 2021-ல் அங்குள்ள சூளைகள் மூடப்பட்டன. செங்கல்லுக்குப் பதில் எது, அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு நீர் உறிஞ்சும், ஏழை வாங்கும் விலைக்கு வருமா என்று ஆராய்ந்து மேஸ்திரிகளுக்குக் காட்டும் வேலை அக்கல்லூரியின் வாயிலிலேயே காத்துக் கிடக்கிறது. வரும் கல்வியாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அக்கல்லூரியின் பரிசோதனைச் சாலையில் ஐம்பது மேஸ்திரிகளை அழைத்து, அவர்கள் கலக்கும் கலவையிலேயே கட்டி வார்த்து, 28 நாள் நீர் காட்டி, அவர்கள் கண்ணெதிரே யந்திரத்தில் வைத்து நசுக்கிக் காட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.