கோடையில் உறையும் வானம்

ஜூன், ஜூலை மாதங்களில் ஸ்காட்லாந்திலும் ஸ்வீடனிலும் சூரியன் மறைந்து நெடுநேரம் ஆன பின்னும் வடக்கு வானில் வெள்ளியும் நீலமுமாக மெல்லிய மேக அலைகள் மிதக்கும். தரை இருண்டுவிட்டாலும் அவற்றின் மீது வெயில் விழுகிறது. 1880களின் பிற்பகுதியில் பெர்லின் வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸே, வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டு அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டார்: சுமார் 82 கிலோமீட்டர். நமக்கு மழை தரும் மேகங்கள் 15 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

இவை பனித்துகள்களால் ஆனவை. ஆனால் தோன்றுவதோ கோடையில் மட்டும்!

கோடைக்காலத் துருவத்துக்கு மேலே காற்று உயர எழுந்து, விரிந்து, குளிர்ந்துபோகிறது. வெப்பநிலை மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அங்கே இருக்கும் சொற்ப நீராவி, எரிகற்கள் விட்டுச்சென்ற நுண்தூசியில் படிந்து உறைகிறது.

மேகம் அடர்ந்திருக்கும் துருவத்திலோ கோடையில் இரவே கிடையாது. பகல் வெளிச்சத்தில் இவை கண்ணுக்குப் படா. எனவே 2007 ஏப்ரல் 25 அன்று நாசா 'எய்ம்' செயற்கைக்கோளை ஏவியது. அதன் நான்கு கேமராக்கள் புற ஊதா ஒளியில் படமெடுத்தன. கீழேயுள்ள ஓசோன் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் தரை கறுத்துவிடும், மேகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். இரண்டாண்டுத் திட்டம்தான், 2023 வரை உழைத்தது.

இரு துருவங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் இதில் சுவையான சேதி. வடக்கில் மே மாதக் கடைசியில், ஏறக்குறைய சொல்லி வைத்ததுபோல் பருவம் தொடங்கும். தெற்கில் மேகங்கள் குறைவு, மங்கல். பருவம் தொடங்கும் நாளும் ஆண்டுக்காண்டு வாரக்கணக்கில் முன்பின்னாகும். அன்டார்க்டிகாவைச் சுற்றிக் குளிர்காலத்தில் சுழலும் பெருங்காற்று எப்போது கலைகிறதோ, அதைப் பொறுத்தே மேகங்களின் வரவு. ஓசோன் ஓட்டை பெரிதாக உள்ள ஆண்டுகளில் அந்தக் காற்று கலையத் தாமதமாகும், மேகமும் தாமதிக்கும்.

இன்னும் வியப்பு: வட துருவக் குளிர்காலத்தில் ஓசோன் இருக்கும் காற்றடுக்கு திடீரெனச் சூடேறினால், ஒன்றிரண்டு வாரங்களில் தென் துருவத்தில் மேகங்கள் குறைகின்றன. பூமியின் ஒரு முனையில் கலக்கம், மறுமுனையில் அதன் விளைவு.

மனிதர்களுக்கும் இதில் பங்குண்டு. நாம் வெளியிடும் மீத்தேன் மேலே சென்று சிதையும்போது நீராவியாகிறது. விண்கலங்களும் நீராவியைக் கக்குகின்றன. 2003 ஜனவரியில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய கொலம்பியா விண்கலத்தின் புகை, சில நாட்களிலேயே அன்டார்க்டிகா வரை போய் அங்கே மேகமானதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ராக்கெட்டுகள் அடிக்கடி கிளம்பும் இக்காலத்தில், எந்த மேகம் பருவநிலை மாற்றத்தால் வந்தது, எது புகையால் வந்தது என்று பிரித்தறிவது அவர்களுக்கு மேலும் கடினமாகிறது.