அல்வாலில் கேட்ட டப்பு

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இசை என்பது பெரும்பாலும் முன்னேற்பாட்டுடன் கேட்கும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. தமிழ்ச் சங்க ஆண்டு விழா, மார்கழிக் கச்சேரி, வானொலி நிகழ்ச்சி ஆகியவற்றிற்கு நாளும் நேரமும் முன்னரே தெரியும். குடியேறிய ஊரின் தெருவிசையோ அழைப்பிதழ் அனுப்புவதில்லை. அது வாயிலைக் கடக்கும்போது இரைச்சல் என்றெண்ணிச் சன்னலை அடைப்பவரும் உளர். இறங்கிச் சென்று கேட்பவரும் உளர். அவ்வாறு செல்பவர் பெறுவது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

ஐதராபாத்தின் வடபால், செகந்திராபாத்தை அடுத்து அமைந்தது அல்வால். ஆஷாட மாதத்து ஞாயிறு ஒன்றில், அங்கு வாழும் நண்பர் ஒருவரைக் கண்டு இரவு திரும்புகையில், போனாலு ஊர்வலம் வழியை மறித்தது. பேருந்து வரும் குறி தென்படவில்லை. வேறு வழியின்றி நின்றோம். பின்னர் விரும்பியே நின்றோம்.

போனாலு என்பது அம்மனுக்குச் சோறு படைக்கும் விழா. 'போஜனம்' என்னும் சொல்லே 'போனம்' ஆயிற்று என்பர். பாலும் வெல்லமும் சேர்த்து ஆக்கிய சோற்றைப் பானையிலிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் குங்குமமும் அணிவித்து, மேலே விளக்கேற்றிப் பெண்கள் தலையில் சுமந்து செல்கின்றனர். நம் ஊர்களில் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதை அறிந்தவருக்கு இதன் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமானபின் இது அரசு விழாவாகவும் நடைபெறுகிறது.

இவ்விழாவின் உயிர் டப்பு என்னும் கருவி. வட்டமான மரச்சட்டத்தின் ஒருபுறம் தோல் போர்த்தியிருக்கும். கருவியைத் தோளில் தொங்கவிட்டு, ஒரு கையில் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு வாசிக்கின்றனர். தடித்த குச்சி ஆழ்ந்த ஒலியைத் தர, மெல்லியது கூர்ந்த ஒலியை எழுப்புகிறது. நம் பறையின் அடிகுச்சியும் சிண்டுகுச்சியும் செய்யும் தொழில் இதுவே அன்றோ?

ஆஷாடம் அந்நகருக்கு மழைக்காலம். ஈரத்தை ஏற்ற தோல் தளர்ந்து ஒலி மங்கும். ஆகவே, கலைஞர்கள் சாலையோரத்தில் காகிதமும் சருகும் கொளுத்தி, டப்பைத் தீயருகே காட்டிச் சூடேற்றினர். ஈரம் நீங்கித் தோல் இறுகியதும் ஒலி கணீரென்று உயர்ந்தது. பானை சுமந்த பெண்கள் நடக்கையில் தாளம் நடையின் வேகத்தில் சென்றது. உடலெங்கும் மஞ்சள் பூசி, காலில் சலங்கையும் கையில் சாட்டையுமாய்ப் போத்துராஜா ஆடி வந்ததும் அது விரைந்து பொங்கிற்று. இவர் அம்மனின் தம்பி எனப்படுபவர். தமிழகத்தின் வடபகுதித் திரௌபதியம்மன் கோயில்களில் காவல் நிற்பவரும் இப்பெயரினரே.

அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், “எந்த ஊரு தம்பி?” என்று தமிழில் வினவினார். தம் கொள்ளுப்பாட்டனார் பட்டாளத்தோடு வந்தவர் என்றார். அது வியப்பன்று. 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்று வழங்கப்பெற்ற அப்படைநகருக்குச் சென்னைப் படைகளோடு தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. 1862-இல் அங்கு மகபூப் கல்லூரியை நிறுவியவர் சோமசுந்தர முதலியார். போனாலு விழாவுக்கும் பட்டாளத் தொடர்பு உண்டு. 1813-இல் காலரா பரவியபோது, உஜ்ஜயினி சென்றிருந்த படையில் டோலி சுமந்த அப்பய்யா என்பவர் நேர்ந்துகொண்டு, திரும்பி வந்தபின் செகந்திராபாத்தில் மகாகாளியை நிறுவினார் என்பது வழிவழிச் செய்தி.

எனினும், இவ்வுறவில் கசப்பான பகுதியும் ஒன்றுண்டு. இக்கருவியை இசைத்த மக்களை இரு மொழி நாட்டினரும் ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணிய பறை, சாவுக்கு அடிப்பது என்று பிற்காலத்தில் இழித்துரைக்கப்பட்டது. அந்நிலை மெல்ல மாறி வருகிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆயினும், விழாத் தெருக்களில் இப்போது ஒலிபெருக்கி வண்டிகள் பெருகிவிட்டன. அல்வாலிலும் அத்தகைய வண்டி ஒன்று பின்னால் வந்தது. அது முழங்கியபோது, பத்தடி தொலைவில் வாசித்தவரின் கைகள் அசைவதைக் கண்டோமே அன்றி ஒலியைக் கேட்டிலோம். கேட்பாரும் பொருள் தருவாரும் இல்லையெனில், அக்கைகள் வேறு தொழில் தேடிச் செல்லும்.

ஆஷாட ஞாயிறுகளில் விழா கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்திராபாத், பழைய நகரத்து லால் தர்வாசா என வாரந்தோறும் இடம் மாறும். ஐதராபாத்தில் வாழும் அன்பர்கள் ஓர் இரவேனும் சென்று கேட்பார்களாக. பிற ஊர்களில் இருப்போர்க்கும் தத்தம் தெருவில் ஒரு முழவு ஒலிக்கவே செய்யும். அப்போது இறங்கிச் சென்று, கருவியின் பெயரைக் கேளுங்கள். அதை வாசிப்பவரின் பெயரையும் கேளுங்கள்.