காக்கிச் சட்டைக்குக் கடல் எவ்வளவு தூரம்?

பாயும் துடுப்புமாகக் கங்கையில் 1,200 கி.மீ. சென்றது மாணவர் படை. ஆற்றில் தண்ணீர் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் படகில் இடம் கிடைக்குமா?

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் ரயிலில் ஏர்பேட்டைக் கவனிப்பவர்கள் குறைவு. பக்தர்களின் கண்ணெல்லாம் அடுத்து வரும் காளஹஸ்தி மீதுதான். ஐ.ஐ.டி. வந்த பிறகு ஊரின் பெயர் கொஞ்சம் வெளியே தெரிகிறது. பக்கத்தில் ஓடும் சுவர்ணமுகி ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். படகு ஓட்டிப் பழக ஏற்ற இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் 2022 ஏப்ரல் 4-ம் தேதி ஏர்பேடு ஒரே நாளில் கடலோர மாவட்டத்து ஊர் ஆகிவிட்டது. ஊர் நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. கடற்கரையே இல்லாத சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டம் உருவானபோது, நெல்லூர் பக்கமிருந்த சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் அதில் சேர்ந்தன. வரைபடத்தில் கடல் வந்துவிட்டது. பிள்ளைகளின் கைக்குத் துடுப்பு வருமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இப்போது அவசியம் இருக்கிறது. 1948-ல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படை என்றாலே காக்கிச் சட்டை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் வெள்ளைச் சீருடை அணிந்த கடற்படைப் பிரிவும் உண்டு. 2024 அக்டோபர் 21-ம் தேதி கான்பூரில் அந்தப் பிரிவினர் பாய்மரப் படகுகளில் புறப்பட்டார்கள். அலகாபாத், காசி, பக்சார், பாட்னா, ஃபராக்கா எனக் கட்டம் கட்டமாகக் கடந்து, டிசம்பர் 20-ம் தேதி கல்கத்தா சேர்ந்தார்கள். தூரம் சுமார் 1,200 கி.மீ. பல மாநிலங்களிலிருந்து வந்த 528 மாணவ, மாணவியர் முறை வைத்துக்கொண்டு படகேறினார்கள்.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடியும் பருவம் அது. கங்கையில் ஆழமான பாதை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் செல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் வந்து சேர்ந்துகொள்ளும்.

இவர்கள் பழகும் படகுக்கு வேலர் என்று பெயர். 27 அடி நீளம். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. தனியாக யாராலும் அதைச் செலுத்த முடியாது. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர்கள் பாய்க் கயிறுகளைக் கவனிக்க வேண்டும். எதிர்காற்றில் நேராகப் போக வழியில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். திருப்பும்போது ஒருவர் தாமதித்தாலும் படகு நின்றுவிடும். 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்ற மாணவர் படையின் குறிக்கோள் இங்கே சுவரில் எழுதிய வாசகமாக இருப்பதில்லை, கைவேலையாக இருக்கிறது.

கடலில் இது இன்னும் கடினம். புதுச்சேரி மாணவர் படையினர் காரைக்கால் வரை பாய்விரித்துச் சென்று திரும்பியிருக்கிறார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி என்று நீளும் அந்தக் கரை, 2004 டிசம்பரில் சுனாமி வாரிக்கொண்டு போன கரை. அங்கே பிள்ளையைப் படகேற்றிவிடும் பெற்றோருக்குக் கடல் வெறும் காட்சிப் பொருள் அல்ல. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று மீனவர்கள் திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் காற்றை, பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வந்து படிக்கிறார்கள்.

இந்தப் படிப்பு வீண்போவதில்லை. மாணவர் படையின் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்கு, ராணுவ அதிகாரி பணிக்கான சிறப்புத் தேர்வு வழியில் எழுத்துத் தேர்வு கிடையாது. கடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. 2017-18-ல் 'தாரிணி' படகில் உலகைச் சுற்றிய ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகளில் சுவாதி விசாகப்பட்டினத்துக்காரர். அதே படகில் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29-ம் தேதி திரும்பிய இருவரில் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா.

விசாகப்பட்டினம், புதுச்சேரி, கோழிக்கோடு. மூன்றும் கடற்கரை ஊர்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மாணவர் படையில் எந்தப் பிரிவு என்பதைப் பெரும்பாலும் பிள்ளையின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. பள்ளியோ கல்லூரியோ எந்த அணியோடு இணைந்திருக்கிறதோ, அதுதான் கிடைக்கும். எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173-ல் ஒரு லட்சம் பேரைச் சேர்க்கும் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டபோது, ஏர்பேடு கடலில்லாத மாவட்டத்தில் இருந்தது.

கடல் இருந்தால்தான் கடற்படைப் பிரிவு என்பதும் இல்லை. போபாலிலும் சண்டிகரிலும் கடலுக்கு எங்கே போவது? அங்கேயும் கடற்படை அணிகள் இருக்கின்றன. ஏரியில் பழகுகிறார்கள். தரைப்படைக்காரர்களுக்கும் பாய் அந்நியமல்ல. 'திருஷ்ணா' என்ற படகில் 1985-ல் கிளம்பி 1987-ல் திரும்பி, முதன்முதலாக உலகைச் சுற்றிய இந்தியக் குழுவே ராணுவப் பொறியாளர் படையுடையதுதான்.

எனவே ஏர்பேட்டுப் பிள்ளைக்குக் குறை தண்ணீர் அல்ல. ஒரு படகு, ஒரு பயிற்சியாளர், பள்ளியை அணியோடு இணைக்கும் ஓர் உத்தரவு. எல்லைக்கோட்டை நகர்த்த ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. படகை நகர்த்தவும் அதைவிட அதிகம் தேவைப்படாது.