தேவையற்ற நிலைபொருள் இற்றைப்படுத்தலைத் தவிர்த்தல்

தேவையற்ற நிலைபொருள் இற்றைப்படுத்தலைத் தவிர்த்தல் என்பது, ஒரு சாதனத்தில் உரிய நிலைபொருள் (ஃபர்ம்வேர்) ஏற்கெனவே இயங்கிக் கொண்டிருக்கும்போது அதையே மீண்டும் ஏற்றாமல் விடுவதற்கு இயக்குதளத்தின் சாதன இயக்கிகள் (டிவைஸ் டிரைவர்) கையாளும் வழிமுறைகளைக் குறிக்கும். எழுதுவதற்கு முன் சாதனத்தைக் கேட்டறிய வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதி ஆகும். ஆயினும் எதைக் கேட்பது, கிடைக்கும் விடையை எவ்வளவு நம்புவது என்பன சாதனத்துக்குச் சாதனம் வேறுபடுகின்றன.

நிலைபொருள் இருக்கும் இடம்

சாதனத்தின் உள்ளே அமைந்த சிறு செயலியை இயக்கும் நிரலே நிலைபொருள் ஆகும். ஃபர்ம்வேர் என்ற சொல்லை ஆஷர் ஆப்லர் 1967 ஆம் ஆண்டு டேட்டாமேஷன் இதழில் அறிமுகப்படுத்தினார். இன்று வை-ஃபை அட்டை, புளூடூத், அச்சுப்பொறி, வன்தட்டு எனப் பெரும்பாலான சாதனங்களில் நிலைபொருள் உண்டு. அது சேமிக்கப்படும் இடத்தைக் கொண்டு இரு வகைகளாகப் பிரிக்கலாம்.

* நிலையற்ற நினைவகத்தில் இருப்பது: மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் மீண்டும் ஏற்றப்பட வேண்டும். லினக்ஸில் இயக்கி கேட்கும் நிலைபொருள் கோப்பைக் கருனி (கெர்னல்) பொதுவாக லிப் அடைவின் கீழுள்ள ஃபர்ம்வேர் அடைவிலிருந்து எடுத்துத் தரும்.
* நிலைத்த நினைவகத்தில் இருப்பது: ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படுவதால் மின்சாரம் நின்றாலும் அழியாது. புதிய பதிப்பு வரும்போது மட்டுமே எழுதினால் போதும்.

மீண்டும் ஏற்றும் நிலை ஏற்படக் காரணங்கள்

இயக்குதளம் தொடங்குவதற்கு முன்பே பயாஸ் சில சாதனங்களுக்கு நிலைபொருளை ஏற்றிவிடுகிறது. கணினியை அணைக்காமல் மறுதொடக்கம் செய்யும்போது சில சாதனங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. முன்பு ஏற்றிய நிரல் அப்படியே இருக்கும். இயக்கியை நீக்கி மீண்டும் இணைக்கும்போதும், கணினி உறக்க நிலையிலிருந்து மீளும்போதும் இதே நிலை ஏற்படலாம். சாதனத்தின் நிலையை அறியாத இயக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

விளைவுகள்

முதல் வகைச் சாதனங்களில் நேரம் வீணாகும். இயங்கிக்கொண்டிருக்கும் சாதனம் மீளமைக்கப்பட்டு இணைப்பு அறுபடலாம். இரண்டாம் வகையில் இழப்பு பெரிது. ஃபிளாஷ் நினைவகத்தை வரம்பற்ற முறை அழித்து எழுத இயலாது. நார் வகை ஃபிளாஷுக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படும் அளவு ஏறத்தாழ 1,00,000 முறை ஆகும். எழுதும்போது இடையில் மின்சாரம் நின்றால், மாற்றுப் படி இல்லாத சாதனம் முற்றிலும் செயலிழக்கக்கூடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, மண்டைக்காடு போன்ற கடலோர ஊர்களைக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து மின்வழங்கல் தடைப்பட்டது. மின்சாரம் எப்போது நிற்கும் என்பதை இயக்கியால் முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே எழுதும் தேவை இல்லாதபோது எழுதாமல் இருப்பதே இவ்விடரைத் தவிர்க்கும் வழி ஆகும்.

எடுத்துக்காட்டுகள்

இன்டெல் நுண்நிரல்: செயலியின் நுண்நிரல் (மைக்ரோகோடு) நிலையற்ற வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் கருனி, செயலியில் உள்ள நுண்நிரலின் திருத்த எண்ணைப் படித்துக் கோப்பில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுகிறது. செயலியில் உள்ளது அதே எண்ணாகவோ அதைவிடப் புதியதாகவோ இருப்பின் ஏற்றுவதில்லை. ஒரே செயலிக்கருவின் இரு இழைகள் இயக்குதளத்துக்கு இரு செயலிகளாகத் தோன்றினாலும் நுண்நிரல் இரண்டுக்கும் பொதுவானது. எனவே ஓர் இழையில் ஏற்றியபின் மற்றதில் மீண்டும் ஏற்றுவது வீண். நுண்நிரலை எழுதும் கட்டளை அதிக நேரம் எடுப்பதால், இவ்வொப்பீட்டின் பயன் பெரிது.

ரெனிசாஸ் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி: இந்நிறுவனத்தின் யுபிடி720201 சில்லு, தனி ரோம் இருந்தால் அதிலிருந்து நிலைபொருளை எடுத்துக்கொள்ளும், இல்லையெனில் மென்பொருள் ஏற்ற வேண்டும். 2020 ஆம் ஆண்டில், கிறிஸ்டியன் லாம்பார்ட்டரின் முந்தைய பணியைத் தொடர்ந்து வினோத் கவுல் லினக்ஸில் சேர்த்த இயக்கி, நிலைபொருள் ஏற்கெனவே இயங்குகிறதா என்பதை முதலில் சோதிக்கிறது. பயாஸ் முன்னரே ஏற்றியிருந்தால் கோப்பைத் தேடுவதே இல்லை.

இன்டெல் புளூடூத்: இச்சாதனம் தொடக்க நிலையில் உள்ளதா, முழு இயக்க நிலையில் உள்ளதா என்பதைத் தானே தெரிவிக்கும். முழு இயக்க நிலையில் இருப்பின் இயக்கி பதிவேற்றத்தைத் தவிர்த்துவிடும்.

எஃப்டபிள்யூஅப்டி: ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய இம்மென்பொருள், நிலைத்த வகை நிலைபொருளை லினக்ஸில் இற்றைப்படுத்துகிறது. சாதனத்தில் உள்ள அதே பதிப்பை, பயனர் வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி, மீண்டும் எழுதாது.

ஒப்பீட்டின் வரம்புகள்

பதிப்பு எண் மட்டும் போதுமான சான்று ஆகாது. ஏற்றும் பணி பாதியில் நின்ற சாதனம் தவறான எண்ணைத் தெரிவிக்கலாம். ஒரே எண்ணுடன் வேறுபட்ட இரு கோப்புகளும் இருக்கக்கூடும். எனவே எண்ணுடன் சாதனத்தின் இயக்க நிலையையும், இயலுமிடத்தில் உள்ளடக்கத்தின் சரிபார்ப்புத் தொகையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. யூ.இ.எஃப்.ஐ. முறையில், தற்போதைய பதிப்புடன் கடைசியாக முயன்ற பதிப்பும் அம்முயற்சியின் முடிவும் ஒரு பட்டியலில் பதியப்படுகின்றன. தோல்வியுற்ற முயற்சியையும், தேவையே இல்லாத முயற்சியையும் இதனால் பிரித்தறியலாம்.

புதியதே சிறந்தது என்ற விதியும் எப்போதும் பொருந்தாது. ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைக்காக வெளியிடப்பட்ட நுண்நிரல், ஹாஸ்வெல், பிராட்வெல் செயலிகளில் எதிர்பாராத மறுதொடக்கங்களை ஏற்படுத்தியது. அதைப் பரப்புவதை நிறுத்துமாறு 2018 ஜனவரி 22 அன்று இன்டெல் அறிவித்தது. ரெட் ஹாட், உபுண்டு ஆகியவை பழைய நுண்நிரல் கோப்புக்குத் திரும்பின. நுண்நிரல் நிலையற்றது என்பதால், கோப்பை மாற்றிக் கணினியை மறுபடி இயக்கினாலே பழையது நடைமுறைக்கு வந்தது. ஆனால் புதிய நுண்நிரலை பயாஸ் வழியாகப் பெற்ற கணினிகளில் இவ்வழி பயன்படவில்லை. செயலியில் உள்ள எண் உயர்ந்ததாக இருந்ததால், பழைய கோப்பைத் தேவையற்றது எனக் கருதிக் கருனி ஒதுக்கிவிடும்; அங்கே பயாஸையே மாற்ற வேண்டியிருந்தது.

தேவையான ஏற்றம்

தவிர்த்தலின் மறுபக்கம், தேவைப்படும்போது தவறாமல் ஏற்றுவது ஆகும். உறக்கத்திலிருந்து மீளும் கணினியில் சாதனம் நிலைபொருளை இழந்திருக்கலாம். அவ்வேளையில் கோப்பு முறைமை இன்னும் ஆயத்தமாகாமல் இருக்கலாம். இதற்காக, 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 3.7 பதிப்பு முதல், உறங்குவதற்கு முன்பே கருனி அக்கோப்புகளை முதன்மை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. மீண்டபின் சாதனத்தின் நிலையை அறிந்து, தேவையானால் ஏற்றுவதும் இல்லையேல் விடுவதும் இயக்கியின் பொறுப்பு ஆகும்.