பச்சை உணவு உண்டும் பசி அடங்கவில்லையா? எடை குறைக்க முயலும் நம்மவர்களுக்கு

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் வாழும் நம்மவர்களிடையே அண்மைக்காலமாகப் பச்சை உணவு பற்றிய பேச்சு அதிகமாக அடிபடுகிறது. அடுப்பில் வைக்காத காய், பழம், இலை, முளைப்பயறு, தேங்காய் ஆகியவற்றை மட்டும் சாப்பிட்டால் உடல் மெலியும், சீனி குறையும், குளுசையை நிறுத்திவிடலாம் என்று வட்ஸ்அப் குழுமங்களில் காணொளிகள் சுற்றுகின்றன. எனக்குத் தெரிந்த பலர் இதனை ஆர்வத்தோடு தொடங்கினார்கள். அவர்களில் அதிகமானோர் இரண்டு, மூன்று வாரங்களில் பழைய சோற்றுக் கோப்பைக்கே திரும்பிவிட்டார்கள். கேட்டால் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பசி தாங்க முடியவில்லை.

நானும் இயல்பாகவே நிறையச் சாப்பிடுகிறவன். இரண்டு வருடங்களாக எனது உணவில் சரிபாதிக்குப் பச்சை உணவைச் சேர்த்து, கிளினிக்கில் சொன்ன அளவுக்கு எடையைக் கொண்டுவந்திருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். நான் வைத்தியர் அல்ல. ஆனால் பெரும்பசிக்காரர் ஒருவர் இந்த வழியில் போகும்போது எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதை வாசித்தும் அனுபவித்தும் அறிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

நமது கோப்பை ஏன் பெரியது?

வன்னியின் சோற்றுக் கோப்பை உழைப்புக்கென அளக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டியவருக்கும், காடு வெட்டியவருக்கும், சைக்கிளில் பல மைல் சென்று வியாபாரம் செய்தவருக்கும் அந்த அளவு தேவைப்பட்டது. இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலுக்கு வந்துவிட்டன. சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. வேலை குறைந்தும் கோப்பையின் அளவு குறையவில்லை.

இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் நிவாரண அரிசியையும் மாவையும் பருப்பையும் நம்பி வளர்ந்த தலைமுறை நமது. நீராவிப்பிட்டிக்கும் சாளம்பைக்குளத்துக்கும் மீண்டு வந்த குடும்பங்களில், கோப்பையில் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைப்பது இன்றும் பெரிய விடயம். வயிறு நிறைய மாச்சத்து உண்பதே பாதுகாப்பு என்று மனம் பழகிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் போய் 'குறைத்துச் சாப்பிடு' என்று மட்டும் சொன்னால் அது நிலைக்காது. அவருக்கு வயிறும் நிறைய வேண்டும், எடையும் குறைய வேண்டும். இந்த இடத்தில்தான் பச்சை உணவு உதவுகிறது, அதன் கணக்கை அறிந்து உண்டால்.

நிறையும் கலோரியும்

இரைப்பை தனக்குள் வந்த உணவின் கொள்ளளவை உணர்கிறது. அது விரியும்போது மூளைக்குச் செய்தி போகிறது. குடலிலிருந்து சுரக்கும் சில ஹோர்மோன்களும் 'போதும்' என்று அறிவிக்கின்றன. இந்தச் செய்திகள் முழுமையாகச் சென்றடைய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அவசரமாக உண்பவர் செய்தி வருமுன்பே இரண்டாவது கோப்பையை முடித்துவிடுகிறார்.

இனி எண்களைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. அதே நிறையுள்ள கெக்கரிக்காயில் 15, தக்காளியில் 18, கோவாவில் 25, வத்தகப்பழத்தில் 30, பப்பாசியில் 43, கொய்யாவில் 68 கலோரிகளே உள்ளன. பகல் உணவில் 400 கிராம் சோறு உண்பவர் அதில் 200 கிராமை விட்டு, பதிலாக 300 கிராம் கெக்கரி, தக்காளி, கோவா சேர்ந்த சலாட்டை எடுத்தால், கோப்பையின் நிறை 100 கிராம் கூடுகிறது, கலோரியோ ஏறக்குறைய 200 குறைகிறது. இரவிலும் இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 400 கலோரி மிச்சம். வயிற்றில் வெற்றிடம் இல்லாமலேயே இது நடக்கிறது.

ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரியும், கச்சானில் 560க்கு மேலும், பேரீத்தம்பழத்தில் 280 அளவிலும் உள்ளது. சோற்றை முற்றாக விட்டவர் பசி வந்தபோதெல்லாம் கச்சானையும் பேரீத்தம்பழத்தையும் அள்ளிச் சாப்பிட்டால், சோற்றை விடக் கூடுதலான கலோரி உள்ளே போகும். 'பச்சையாகத்தான் சாப்பிட்டேன், எடை குறையவில்லை' என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

பசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

சலாட்டும் பழமும் மட்டும் உண்டால் வயிறு நிறையும், ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் மீண்டும் பசிக்கும். காரணம், அதில் புரதம் மிகக் குறைவு. 100 கிராம் பச்சை முளைப்பயறில் கூட 3 கிராம் அளவே புரதம் உள்ளது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பசியை நீண்ட நேரம் அடக்கிவைப்பதில் புரதத்துக்குப் பெரும் பங்குண்டு.

1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது கூடுதல் நேரம் பசியைத் தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளைப் பாணை 100 என்று வைத்தால், அவித்த உருளைக்கிழங்கு 323 என்று முதலிடம் பெற்றது. அவித்த உணவு ஒன்றே முதலிடம் பெற்றிருக்கும்போது, அடுப்பை முழுமையாக அணைப்பதுதான் பசிக்கு மருந்து என்று சொல்ல முடியாது.

முழுப் பச்சை உணவைப் பரிசோதித்தவர்கள் புதியவர்கள் அல்லர். காந்தி 1893இல் பிரிட்டோரியாவில் இருந்தபோது ஊறவைத்த கோதுமை, பட்டாணி, கொட்டைகள், பழங்கள் என்று சமைக்காமல் உண்டு பார்த்து, சோர்வும் பசியும் மேலிட, சிறிது நாட்களிலேயே கைவிட்டார். ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர் நீண்டகாலம் பச்சை உணவு உண்ட 500க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவில், அவர்கள் கணிசமாக மெலிந்திருந்தார்கள். ஆனால் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் குறைந்தோ நின்றோ போயிருந்தது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில், இத்தகையோரில் 38 சதவீதத்தினருக்கு விற்றமின் பி12 குறைபாடு காணப்பட்டது. நீரிழிவுக்கு மெட்ஃபோமின் குளுசை எடுப்பவர்களுக்கு ஏற்கனவே பி12 குறையும் வாய்ப்புண்டு. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கித் தந்திருக்க, அவற்றை முற்றாக ஒதுக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

எடை குறைந்த பின்பும் பசி விடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மெல்பர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களின் பசி ஹோர்மோன்கள் ஒரு வருடம் கழிந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடையை மீட்க உடல் முயன்றுகொண்டே இருக்கிறது. எனவே மெலிந்த பிறகு பசி எடுப்பவரைப் பார்த்து 'ஈமான் பலவீனம், நாக்கைக் கட்டத் தெரியாதவர்' என்று பழிப்பது நியாயமல்ல. அதனால்தான் வேகமாக இறக்காமல் வாரத்துக்கு அரைக் கிலோ என்ற அளவில் மெதுவாகக் குறைப்பது நல்லது.

நான் பின்பற்றும் ஒழுங்கு

காலையில் பப்பாசி அல்லது கொய்யா, அதோடு அவித்த முட்டை இரண்டு. வவுனியாவில் பப்பாசிக்குப் பஞ்சமில்லை. கொய்யாவைத் தோலோடும் விதையோடும் மென்று சாப்பிட்டால் நார்ச்சத்தும் கிடைக்கும், நேரமும் எடுக்கும். லுஹருக்குப் பின் முதலில் ஒரு பெரிய கோப்பை சலாட். கெக்கரி, தக்காளி, கரட், வல்லாரை, தேசிக்காய்ச் சாறு, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேற்படாத தேங்காய்ப்பூ. அதை முடித்து பத்து நிமிடம் கழித்துத்தான் சிவப்பரிசிச் சோறு ஒரு அகப்பை, மீன் அல்லது கோழி, பருப்பு. அஸருக்குப் பிறகு பசித்தால் ஒரு பழமும் சீனி போடாத பிளேன்டீயும். இரவில் மீண்டும் சலாட், அதோடு அவித்த கௌபி அல்லது கடலை. கச்சான் ஒரு கைப்பிடியை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு எடுப்பேன், பையிலிருந்து நேரே எடுக்க மாட்டேன்.

நோன்பு காலத்தில் இது இன்னும் இலகு. நபி (ஸல்) அவர்கள் மஃரிப் தொழுமுன் பேரீத்தம்பழத்தாலும், அது இல்லாவிட்டால் தண்ணீராலும் நோன்பு திறந்ததாக திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. பேரீத்தம்பழம், தண்ணீர், சில துண்டு வத்தகப்பழம் என்று எடுத்துத் தொழுகைக்குப் போய் வந்தால், அந்த இடைவெளியில் பசியின் வேகம் தணிந்துவிடும். சமூசாவும் கட்லட்டும் முன்னால் இருந்தாலும் கை மெதுவாகத்தான் போகும்.

கெக்கரியையும் செங்காய்ப் பேரீத்தம்பழத்தையும் நபியவர்கள் சேர்த்துச் சாப்பிட்டதை அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அறிவித்ததாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். வயிற்றின் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒன்றைப் பானத்துக்கும், ஒன்றை மூச்சுக்கும் விடும்படியான வழிகாட்டல் திர்மிதியில் உள்ளது. ஜும்ஆக்களில் அடிக்கடி கேட்கும் இந்த ஹதீஸைச் சலாட் கோப்பை நடைமுறையில் இலகுவாக்குகிறது. இன்னொன்று: சலாட்டில் பச்சை வெங்காயமும் உள்ளியும் சேர்ப்பவர்கள் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வாடையோடு பள்ளிக்கு வருவது தடுக்கப்பட்டிருக்கிறது. உண்பதானால் சமைத்து வாடையைப் போக்கும்படி உமர் (ரழி) அவர்கள் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

வன்னிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனிக்கப்பட்டு, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. சிறுநீரகம் பலவீனமானவரின் உடலால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அவர் வாழைப்பழம், இளநீர், இலைச்சாறு என்று அளவின்றி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். காமரங்காய் அவருக்கு நஞ்சாகவே ஆகும். காமரங்காய்ச் சாற்றையும் பிளிங்காய்ச் சாற்றையும் அதிகமாகக் குடிப்பது நல்ல சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடியது. ஆகவே பச்சை உணவைத் தொடங்குமுன் இரத்தத்தில் கிரியற்றினின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் திடீரெனச் சோற்றை நிறுத்தினால் சீனி அபாயகரமாக இறங்கலாம். மருந்தளவை மாற்ற வேண்டியவர் கிளினிக் வைத்தியர், வட்ஸ்அப் காணொளி அல்ல. வார்பரின் எடுப்பவர்களும் இலை வகைகளைக் கூட்டுமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைப்புக்காக இதில் இறங்கக் கூடாது.

எல்லாவற்றையும் பச்சையாக உண்ணவும் முடியாது. மரவள்ளிக் கிழங்கில் சயனைட்டை உருவாக்கும் பொருள் உள்ளது, அதைத் திறந்த பாத்திரத்தில் நன்றாக அவித்தே உண்ண வேண்டும். கௌபியையும் போஞ்சி விதை வகைகளையும் அவித்தாக வேண்டும். முளைவிட்ட தானியத்தில் கிருமியும் எளிதில் வளரும். 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதியவர்களும் நோயாளிகளும் முளைப்பயறைச் சில நிமிடம் ஆவியில் வேகவைத்து உண்பதே பாதுகாப்பு. வல்லாரை போன்ற தரையில் படரும் இலைகளை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வலீமாக்களிலும் கந்தூரிகளிலும் சஹனைச் சுற்றி அமரும்போது, எடை குறைக்க முயலும் ஒருவரைப் பார்த்து 'என்ன, கோழிக்குஞ்சு மாதிரிச் சாப்பிடுறீங்க' என்று கேலி செய்யாதீர்கள். விருந்து வைக்கும் குடும்பத்தார் அச்சாற்றோடு ஒரு கிண்ணம் வெட்டிய கெக்கரியையும் சஹனோடு வைத்தால் பெரிய செலவில்லை. சோற்றை அள்ள ஆறு கைகள் நீளுமுன் அந்தக் கிண்ணம் ஒரு சுற்று வந்தால், சீனி நோயோடு வந்த விருந்தாளியும் வெட்கமில்லாமல் குறைத்துச் சாப்பிட்டு எழும்புவார். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.