தகரப் பெட்டியில் கிடக்கும் பத்திரிகைகள்

கிராஞ்சி, மண்டாய், செம்பவாங் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த நாளில், லயத்துக்கு ஒரு வாரப் பத்திரிகை வந்தால் அது ஒரு வீட்டோடு நின்றதில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பல கை மாறி அட்டை கிழிந்த பின் அது அடுப்பு மூட்டவோ கடலை மடிக்கவோ போய்விடும். மலிவுத் தாளுக்கு அதுதான் விதி என்று நாமும் இருந்துவிட்டோம். இன்று கிராஞ்சியில் அந்தத் தோட்டங்கள் இல்லை. அந்த மக்கள் எதைப் படித்துச் சிரித்தார்கள், எதற்குக் கண் கலங்கினார்கள் என்று அறிய அந்தத் தாள்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில், செட்டிநாட்டுக் கோட்டையூரில், ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். கிடைத்த பணத்தில் பழைய புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை எல்லாம் வாங்கிச் சேர்த்தார். பார்த்தவர்களுக்கு அது குப்பையாகத் தோன்றியிருக்கலாம். 1992-இல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை; சென்னையிலேயே அவர் பெயரால் நூலகமாக வைத்தது. நமக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

நம் பாட்டிமார்களும் ஒருவகையில் சேகரிப்பாளர்களே. 1950-இல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ! மணியம் வரைந்த படங்கள் அதனால் பிழைத்தன. ஆனால் அட்டையையும் விளம்பரங்களையும் எறிந்துவிட்டார்கள். சோப்பு என்ன விலை, எந்தப் படம் ஓடியது என்பதெல்லாம் அங்கேதானே இருந்தது!

இந்தத் தாள் ஏன் பழுப்பேறுகிறது? மரத்தை அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட அது நிறம் மாறும். தாளிலுள்ள அமிலம் நாரை அரித்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கச் செய்யும். நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணமும் சேரும். ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். துருப்பிடித்த கம்பிப் பின்னை மெல்ல எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை கறுத்து எழுத்தையே மறைத்துவிடும். காய வைக்கிறோம் என்று வெயிலில் பரப்புவதும் தவறு.

தனியாகச் சேர்ப்பவருக்கு என்றும் ஓர் இதழ் குறையும். அது வேறொருவர் பெட்டியில் இருக்கும். சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017-இல் மூடப்படும்வரை இப்படித் தேடுவோர் அங்கே சந்தித்துக்கொள்ள இடமிருந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்சின் வாசகர்களைப் பாருங்கள். 'இரும்புக்கை மாயாவி'யைச் சிறுவயதில் படித்தவர்கள், தலை நரைத்த பின்னும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாச் சமயத்தில் கூடுகிறார்கள். ஒரே கதையை ஒரே வயதில் படித்தவர்களுக்குள் அறிமுகம் தேவைப்படுவதில்லை.

கராங்குனிக்காரர் ஹார்ன் அடித்து வரும்முன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 1950-களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் தந்தது. உங்கள் பெரியப்பாவோ அத்தையோ அதில் நான்கு வரி எழுதியிருக்கலாம். இதழின் பெயர், தேதி, எத்தனை பக்கம் குறைகிறது என்று ஒரு நோட்டில் குறித்து, தேடும் நண்பர்களிடம் காட்டுங்கள். அட்டை இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு உள்பக்கங்களைத் தேடுகிறவர் ஒருவர் எங்கேனும் இருப்பார்.