பரபன் போடாத கிறீம்

பெருநாள் நெருங்கினால் மருதமுனையில் துணிக்கடைகளைப் போலவே அழகுசாதனக் கடைகளிலும் சனம் நிறையும். "இதில பரபன் இருக்கா?" என்ற கேள்வி இப்போது அங்கேயும் கேட்கிறது. "இல்ல ராத்தா, வீட்டில செஞ்ச கற்றாழைக் கிறீம். கெமிக்கல் ஒண்டும் போடல்ல" என்று பதில் வந்தால் வாங்குபவருக்கு மனம் ஆறிவிடுகிறது. உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த டப்பாவைப் பற்றித்தான்.

கிறீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்பிரசாயனமான பரபன் மீதான பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2004இல் பிரித்தானியாவின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா டார்ப்ரேயின் குழு, 20 மார்பகக் கட்டிகளைச் சோதித்து அவற்றில் பரபன் இருப்பதாக அறிவித்தது. புற்றுநோயை உண்டாக்கியது பரபன்தான் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நோயில்லாத இழையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. செய்தி ஊர் ஊராகப் பரவியபோது இந்த இரண்டும் விடுபட்டுப்போயின.

பரபன்கள் எல்லாம் ஒன்றல்ல. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லாத ஐந்து வகைகளைத் தடைசெய்தது. புரோப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவை 0.14 சதவீதத்துக்கு இறக்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நாப்கின் கட்டும் இடத்தில் பூசும் கிறீம்களில் இவ்விரண்டையும் சேர்க்கவே விடவில்லை. மெத்தைல் பரபனுக்கு 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதி உண்டு.

சவர்க்காரக் கட்டிக்கும், தேங்காயெண்ணெய்க்கும் பாதுகாப்பிரசாயனம் தேவையில்லை. கிறீம், லோசன்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் உள்ள இடத்தில் பக்டீரியாவும் பூஞ்சணமும் பெருகும். மருதமுனையின் கடற்காற்றையும் வெக்கையையும், ஒரே டப்பாவுக்குள் வீட்டார் எல்லோரும் விடும் ஈர விரலையும் சேர்த்துப் பாருங்கள். 2006 ஆகஸ்டில் பார்சிலோனா ஆஸ்பத்திரியொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்கு பர்க்கோல்டேரியா என்ற கிருமி தொற்றியது. தேடிப் பார்த்ததில், அவர்களுக்குப் பூசிய உடல் லோசனுக்குள்ளேயே அந்தக் கிருமி இருந்தது. நல்ல சுகத்தோடு இருப்பவரின் தோல் இதைத் தாங்கிக்கொள்ளலாம். பிறந்த குழந்தையும், ஆறாத புண்ணுள்ள நீரிழிவு நோயாளியும் அப்படியல்ல.

பரபனை விட்டு ஓடிய நிறுவனங்கள் பல மெத்தைல்ஐசோதயசோலினோன் என்ற இரசாயனத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தின. சொறியும் தடிப்பும் பெருகின. அமெரிக்காவின் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2013இல் அதையே 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பா 2017இல் அதைத் தடைசெய்தது. அதே சங்கம் 2019இல் பரபனைத் தெரிவுசெய்தது, ஒவ்வாமை மிக அரிதாகவே தரும் பொருள் என்று எடுத்துக்காட்டுவதற்காக!

ஆகவே போத்தலைத் திருப்பி, பொடி எழுத்துப் பட்டியலின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் அங்கே தேட வேண்டியது மெத்தைல்ஐசோதயசோலினோன் என்ற அந்த நீண்ட பெயரையும், ஃபோமல்டிஹைட்டைக் கசியவிடும் டிஎம்டிஎம் ஹைடன்டோயினையும். திறந்த டப்பாப் படத்துக்குள் '12எம்' என்றிருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கற்றாழையை வீட்டில் எடுத்தால் அன்றன்றைக்கு எடுப்பதே நல்லது.

உற்பத்தி செய்தவரின் முகவரியே இல்லாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களின் பெரிய ஆபத்து பரபனல்ல, பாதரசம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கிறீம்கள் இன்னும் கடைக்கு வரும் வழியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)